நாயை ஒரு நாளைக்கு எத்தனை தடவை வாக்கிங் கூட்டிப் போக வேண்டும்? புதிதாக வளர்ப்பவர்களுக்கான செய்முறை

'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்று சொன்னவர் தெருநாயைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வளரும் நாய்க்கு நேரத்துக்குப் பஞ்சமே கிடையாது. பால்கனிக் கம்பி வழியாகக் கீழே பார்க்கும், காலிங் பெல் அடித்தால் குரைக்கும், மிச்ச நேரமெல்லாம் டைல்ஸ் தரையில் படுத்துக் கிடக்கும். அன்றைய நாளில் அதற்கு நடக்கும் ஒரே விசேஷம், நீங்கள் செயினைக் கையில் எடுப்பதுதான்.

எத்தனை தடவை என்ற கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்குத் தினமும் இரண்டு முறை நல்ல நடை. அது போக ஒன்றிரண்டு முறை சும்மா கீழே இறக்கி, ஒன்றுக்குப் போனதும் திரும்பி வருவது. ஆக மூன்று அல்லது நான்கு தடவை. இத்தாலியில் டூரின் நகராட்சி 2005இல், நாயை ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது வெளியே கூட்டிப் போகாதவர்களுக்கு 500 யூரோ வரை அபராதம் என்று விதி போட்டது. நம் ஊரில் யாரும் எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை. ஆனால் நாயின் உடம்பு கேட்கும் கணக்கு அங்கும் இங்கும் ஒன்றுதான்.

இணையத்தில் 'இந்த இனத்துக்கு இத்தனை நிமிடம்' என்று அட்டவணைகள் கிடைக்கும். பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. சென்னையிலோ மதுரையிலோ அதை அப்படியே பின்பற்றினால் நாய் சுருண்டுவிடும். இங்கே எத்தனை தடவை என்பதை நாயின் மூத்திரப்பை முடிவு செய்கிறது. எந்த நேரம் என்பதை வெயில் முடிவு செய்கிறது. இனம் அதற்கப்புறம்தான்.

படி 1: குட்டியாக இருந்தால் அவசரப்பட வேண்டாம்

நம் ஊரில் பெரும்பாலும் 45 நாள் குட்டியாக வாங்கி வருகிறோம். அதைத் தெருவில் இறக்கி நடக்கவிடக் கூடாது. பார்வோ என்ற வைரஸ், நோயுற்ற நாயின் மலத்தின் வழியாக மண்ணில் கலந்து மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கும் தடுப்பூசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாக 16 வாரம் வரை போகும். கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து, மருத்துவர் சரி என்ற பிறகு தரையில் விடலாம்.

அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதும் தப்பு. ஊசி முடியும் வரை தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் வாருங்கள். ஆட்டோ சத்தம், காய்கறி வண்டிக்காரர் குரல், ஹெல்மெட் போட்ட ஆள், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக் கூச்சல் எல்லாம் அந்த வயதில் பழகிவிட்டால் பெரியதான பிறகு மிரளாது.

நடக்க ஆரம்பித்ததும் ஒரு மாத வயதுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதக் குட்டிக்கு இருபது நிமிடம், தினமும் இரண்டு தடவை. இது ஆராய்ச்சி முடிவொன்றும் இல்லை, அனுபவக் கணக்கு. வளரும் மூட்டுகளைப் படுத்தாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். ஒன்றுக்குப் போவதற்கான கணக்கு வேறு: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் உடனே உரிய இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். குட்டியால் தோராயமாக ஒரு மாத வயதுக்கு ஒரு மணி நேரம்தான் அடக்க முடியும்.

படி 2: உங்கள் வீட்டு நேரத்தை எழுதிப் பாருங்கள்

வளர்ந்த நாய் ஆறு மணி நேரம் சிரமமில்லாமல் அடக்கும். எட்டு மணி நேரம் என்பது எல்லை. இதை வைத்துக்கொண்டு, வீட்டில் யார் எப்போது இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு ஏறக்குறைய இப்படி அமையும்: காலை ஐந்தரைக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாத நடை, மதியம் ஐந்து நிமிடம் கீழே, இரவு எட்டு மணிக்கு இன்னொரு அரை மணி நேரம், படுக்கும் முன் கடைசியாக ஒரு தடவை கீழே.

இடிக்கிற இடம் மதியம்தான். காலை எட்டரைக்குப் பூட்டிய வீடு மாலை ஏழுக்குத்தான் திறக்கும் என்றால், பத்தரை மணி நேரம். நாய் அடக்கிக்கொண்டுதான் இருக்கும். அடக்குகிறதே என்று நாம் விட்டுவிடக் கூடாது. பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் கல்லூரிப் பையன், காசு கொடுத்தால் வருகிற டாக் வாக்கர், யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள். புதியவரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் நீங்களும் கூடவே நடந்து பாருங்கள். உங்கள் நாய் அவர் பேச்சைக் கேட்கிறதா என்பதைவிட, அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

'எங்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது, அங்கே அவிழ்த்து விட்டுவிடுவோம்' என்பவர்கள் நிறைய. மாடியில் ஓடட்டும், நல்லதுதான். ஆனால் அதை நடை என்று கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டாவது நாளிலேயே நாய்க்கு அந்த மாடியின் ஒவ்வொரு மூலையும் மனப்பாடம். புது வாசனை எதுவும் இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி நிழலில் போய்ப் படுத்துக்கொள்ளும். தனி வீட்டுத் தோட்டமும் இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பீச்சுக்குக் கூட்டிப் போய் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, வாரம் முழுக்க ஈடுகட்டிவிட்டதாக நினைப்பதும் வேலைக்கு ஆகாது. வயதான நாய்க்கு நேரத்தைக் குறைத்து, தடவையைக் கூட்டுங்கள்.

படி 3: வெயிலைப் பார்த்து நேரம் வையுங்கள்

இந்தப் படியில் மட்டும் சமரசம் வேண்டாம். நம்மைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் சூட்டைத் தணிக்க அதற்கு இருக்கும் முக்கிய வழி. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அதுவும் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் கடலோர ஊர்களில் வெயில் குறைவாகத் தெரிகிற நாளில்கூட நாய் தவித்துப்போகிறது.

வெளியே கிளம்பும் முன் குனிந்து புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் கையை எடுத்துவிட்டீர்கள் என்றால் நாயின் பாதமும் தாங்காது. மாலை ஐந்து மணிக்கு வெயில் சாய்ந்துவிட்டது என்று கிளம்புகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். பகலெல்லாம் குடித்த சூட்டைத் தார் அப்போதுதான் கக்கிக்கொண்டிருக்கும். கத்திரி வெயில் காலத்தில் காலை ஆறரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள், மாலை நடையை ஏழரைக்கு மேல் தள்ளுங்கள். மதியம் இறக்கும் ஐந்து நிமிடமும் மண் தரையில், மர நிழலில்தான்.

பக் நாய் வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2003இல் வந்த ஹட்ச் செல்ஃபோன் கம்பெனி விளம்பரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு அந்த நாய் வந்தது. ஆனால் மூக்கு சப்பையாக இருப்பதால் அதற்கு மூச்சு விடுவதே பாடு. விளம்பரத்தில் ஓடுவது போலச் சித்திரை மாதத்தில் ஓடவிட்டால் நேராக மருத்துவமனைதான். ஷிட்ஸு, புல்டாக் எல்லாம் இதே ரகம்.

இரைப்பு நிற்காமல் வேகம் கூடுவது, எச்சில் கெட்டியாக வழிவது, ஈறு கருஞ்சிவப்பாக மாறுவது, தள்ளாடுவது, வாந்தி எடுப்பது எல்லாம் வெப்ப அதிர்ச்சியின் அறிகுறிகள். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105ஐத் தாண்டினால் ஆபத்து. ஐஸ் தேடி ஓட வேண்டாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், புரையேறிவிடும்.

படி 4: இனத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டிக் குறையுங்கள்

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்றவற்றுக்குத் தினமும் மொத்தம் ஒரு மணி நேரமாவது வேண்டும். லாப் எவ்வளவு போட்டாலும் சாப்பிடும், நடை குறைந்தால் உருண்டுவிடும். ஷிட்ஸு, ஸ்பிட்ஸ் போன்ற சின்ன நாய்களுக்கு இருபது நிமிடமாக இரண்டு நடை போதும். நாட்டு நாய்க்கு ஒரு மணி நேரம் கொடுங்கள், வெயிலையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும்.

சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் தனிக் கதை. முயல் துரத்துவதற்காகவே தென் மாவட்டங்களில் வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள் அவை. செயினில் கட்டி நடத்துவது மட்டும் அவற்றுக்குப் போதாது. வாரத்தில் சில நாளாவது சுற்றுச்சுவர் உள்ள மைதானத்தில் ஓடவிட வேண்டும். திறந்த வெளியில் அவிழ்த்துவிடவே கூடாது. ஓடுகிற பூனையைக் கண்டுவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. ராஜபாளையம் நாயையும் ஃபிளாட்டில் வளர்ப்பதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். 2005இல் தபால் தலையில் இடம்பிடித்த அழகன்தான். ஆனால் இடமும் ஓட்டமும் நிறையக் கேட்பான்.

படி 5: பெல்ட்டும் செயினும்

கழுத்து பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். இழுக்கிற நாய்க்கும் பக் போன்றவற்றுக்கும் நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னெஸ் நல்லது. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளத்தில் சாதாரணத் துணி லீஷ் வாங்குங்கள். பட்டனை அழுத்தினால் நீண்டுகொண்டே போகிற வகை நம் தெருவுக்கு ஆகாது. பைக் வருகிற நேரத்தில் நாய் நடுரோட்டில் நிற்கும். கழுத்தை இறுக்கும் சங்கிலியும் வேண்டாம்.

2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்த பிறகு, நாயோடு நடப்பவர்களை ஊரே கூர்ந்து பார்க்கிறது. பார்க்கட்டும், நியாயம்தான். உங்கள் நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் பொது இடத்தில் லீஷைக் கழற்றாதீர்கள். சென்னையில் மாநகராட்சி உரிமமும் கட்டாயம். மலத்தை அள்ளப் பழைய செய்தித்தாளும் ஒரு கவரும் எப்போதும் பையில் இருக்கட்டும். பாதி அக்கம்பக்கச் சண்டை இதனால்தான் வருகிறது. லிஃப்டில் நாயை ஏற்றக் கூடாது என்று சங்கத்தில் சொன்னால், இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டலாம். அதற்கு முன் கையில் கவர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: நடக்கும்போது

முதலில் தினமும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போய், ஒன்றுக்கு இரண்டுக்கு முடியும் வரை நில்லுங்கள். முடிந்ததும் ஒரு பாராட்டு, அப்புறம்தான் நடை. முடிந்த உடனே வீட்டுக்குத் திருப்பிவிட்டால், நாய் புத்திசாலி, அடுத்த நாளிலிருந்து அடக்கிக்கொண்டே சுற்றும்.

இழுத்தால் நின்றுவிடுங்கள். திட்ட வேண்டாம், பதிலுக்கு இழுக்கவும் வேண்டாம். லீஷ் தளர்ந்ததும் மறுபடி நடங்கள். முதல் வாரம் தெருமுனையைத் தாண்ட முடியாது. பொறுமையாக இருந்தால் பழகிவிடும்.

மோந்து பார்க்க விடுங்கள். நிறுத்தி வைத்திருக்கும் ஆட்டோவின் பின்சக்கரம் ஒன்றே போதும். முதலில் தூரத்திலிருந்து மூக்கை நீட்டும், பிறகு டயரின் அடியிலிருந்து மேலே வரை மெதுவாக ஒரு சுற்று, மறுபடியும் அதே இடத்துக்கு வந்து ஒரே புள்ளியில் மூக்கை வைத்து அசையாமல் நிற்கும். கடைசியில் காலைத் தூக்கித் தன் பங்கையும் எழுதிவிட்டு நகரும். அதற்கு அதுதான் காலைப் பேப்பர். இருபது நிமிடம் இப்படி மோந்துகொண்டே போன நாய், வேகவேகமாக இழுத்துச் செல்லப்பட்ட நாயைவிட வீட்டில் அமைதியாக இருக்கும்.

படி 7: தெருநாய்களைச் சமாளிப்பது

ஒவ்வொரு தெருவுக்கும் அதன் கூட்டம் உண்டு, எல்லையும் உண்டு. பெரும்பாலும் குரைத்துக்கொண்டே எல்லை வரை வந்துவிட்டு நின்றுவிடும். ஓடாதீர்கள். உங்கள் நாயை மறுபக்கம் மாற்றி, லீஷைச் சின்னதாகப் பிடித்துக்கொண்டு அதே வேகத்தில் நடங்கள். கிட்டே வந்தால் கல்லை எடுப்பது போலக் குனியுங்கள், பெரும்பாலும் பின்வாங்கிவிடும். நிஜமாக எறிய வேண்டாம். பிஸ்கட் போட்டு நட்பாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மறுநாள் நான்கு தெரு நாயும் உங்களுக்காகக் காத்திருக்கும், உங்கள் நாய்க்குத்தான் திண்டாட்டம். தினமும் ஒரே வழியில் ஒரே நேரத்தில் போனால் அவற்றுக்கே பழகிவிடும். சாப்பாடு போடும் நேரத்தில் மட்டும் அந்தத் தெருவைத் தவிர்த்துவிடுங்கள்.

உங்களைக் கடித்துவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். நாய்க்குக் கடி பட்டிருந்தால், ஏற்கெனவே ரேபிஸ் ஊசி போட்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

படி 8: திரும்பி வந்ததும்

கால் துடைக்கும்போது விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். உண்ணி அங்கேதான் ஒளிந்திருக்கும், அப்புறம் காது மடலின் உள்பக்கம். இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, சுட்டெடுப்பது எல்லாம் வேண்டாம். உண்ணி கடித்த நாய் சில நாளில் சோர்ந்து படுத்து, சாப்பாட்டைத் தொடாமல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். உண்ணிக் காய்ச்சலைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரைக் குடிக்கவிடாதீர்கள், எலிக் காய்ச்சல் அதன் வழியாக வரும். வந்ததும் தண்ணீர் வையுங்கள். சாப்பாடு அரை மணி நேரம் கழித்து, இரைப்பு அடங்கிய பிறகு.

அளவு சரியா என்று நாயே சொல்லிவிடும். வந்து தண்ணீர் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினால் அளவு சரி. செருப்பைக் கடித்துக்கொண்டு வந்து உங்கள் முன் நின்றால், வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். பாதி வழியில் உட்கார்ந்துகொண்டாலோ, மறுநாள் காலை நொண்டினாலோ குறையுங்கள். நொண்டல் இரண்டு நாளைக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.