பேட்டரி இல்லாத சென்சார்: கணக்கில் விடுபடும் மைக்ரோவாட்டுகள்

அறை வெளிச்சம், குழாயின் சூடு, மோட்டாரின் அதிர்வு ஆகியவற்றிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கிடைக்கும் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, ஒரு சென்சாரைப் பேட்டரி மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்ட முடியும். ஆனால் இப்படிச் செய்யப்படும் கருவிகளில் பல, மேசை மேல் நன்றாக ஓடிவிட்டுச் சுவரில் மாட்டிய மறுவாரமே நின்றுபோகின்றன. பெரும்பாலும் பழுது ஒளியை மின்சாரமாக்கும் பேனலில் இருப்பதில்லை, வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது. அறை வெளிச்சத்தில் இயங்கி, அலுவலக அறையின் வெப்பநிலையை 10 நிமிடத்துக்கு ஒருமுறை லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவு செல்லும் ரேடியோ முறை) வழியாக அனுப்பும் ஒரு சென்சாரை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

முதல் தவறு, பேனலின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜை மட்டும் பார்ப்பது. வெளிச்சம் குறையும்போது மின்னோட்டம் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைகிறது. எதையும் இணைக்காதபோது இருக்கும் திறந்த சுற்றின் வோல்டேஜோ மிக மெதுவாகத்தான் இறங்குகிறது. ஆகவே மங்கலான அறையிலும் மீட்டர் 4 வோல்ட் காட்டும், சுமையை இணைத்த கணமே அது சரிந்துவிடும். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும் என்றால், அலுவலக மேசையில் 300 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும். வெள்ளை எல்இடி ஒளியில் 300 லக்ஸ் என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 மைக்ரோவாட். கால்குலேட்டர்களில் உள்ளதைப் போன்ற அமார்ஃபஸ் சிலிக்கான் பேனல் அதில் பத்தில் ஒரு பங்கைத் தரும் என்று வைத்துக்கொள்வோம். 20 சதுர சென்டிமீட்டர் பேனல், 8 மணி நேர வெளிச்சம், மின்மாற்றச் சுற்றில் 30 சதவீத இழப்பு எனக் கணக்கிட்டால் நாள் வரவு 4 ஜூல்.

இனிச் செலவு. உறக்கத்தில் 3 வோல்ட்டில் 3 மைக்ரோஆம்பியர் என்றால் நாளுக்கு 0.8 ஜூல். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் 40 மில்லிஆம்பியர் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 12 மில்லிஜூல். 144 முறைக்கு 1.7 ஜூல். ஆக மொத்தம் 2.5 ஜூல். வரவு மிஞ்சுவதுபோல் தெரிகிறது. இங்கேதான் பலர் கடையில் கிடைக்கும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பலகையை அப்படியே எடுத்து மாட்டிவிடுகிறார்கள். அத்தகைய பலகைகளில் அடிக்கடி காணப்படும், வோல்டேஜைச் சீராக்கும் ஏஎம்எஸ் 1117 ரெகுலேட்டர், வேலை எதுவும் இல்லாதபோதும் சுமார் 5 மில்லிஆம்பியரை விழுங்கும். 5 வோல்ட்டில் அது நாளொன்றுக்கு 2,160 ஜூல். மூலையில் எரியும் சிவப்பு விளக்கின் செலவு தனி.

ரெகுலேட்டரை மாற்றிவிட்டாலும், நாள் கணக்கை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. வாரம் ஐந்து நாள்தான் விளக்கு எரிகிறது, சென்சாரோ ஏழு நாளும் ஓடுகிறது. வாரத்துக்கு வரவு 20 ஜூல், செலவு 17.5 ஜூல், மிஞ்சுவது மயிரிழையில்தான். ஆற்றலைச் சேமிக்கும் சூப்பர் கெபாசிட்டரின் கசிவு இதில் இன்னும் சேரவில்லை. அது 5 மைக்ரோஆம்பியர் கசிந்தால், சராசரியாக 4 வோல்ட்டில், வாரத்துக்கு 12 ஜூல் ஒன்றுக்கும் உதவாமல் போகிறது. மொத்தச் செலவு 29 ஜூலைத் தாண்டிவிட்டதால் கருவி சில நாட்களில் நின்றே தீரும். அனுப்பும் இடைவெளியை 30 நிமிடமாக்கினாலும் செலவு 21 ஜூலுக்குக் கீழே இறங்காது. பேனலின் பரப்பை இரட்டிப்பாக்குவதே எளிய வழி என்பது என் கருத்து. கெபாசிட்டரைப் பெரிதாக்குவது பல நேரங்களில் கசிவையும் பெரிதாக்கும். 5.5 வோல்ட் நாணய வடிவக் கெபாசிட்டர்கள் சிலவற்றின் உள்மின்தடை 30 ஓம் வரை இருக்கும். 40 மில்லிஆம்பியர் இழுக்கும்போது 1.2 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடுவதால், பாதி நிரம்பிய நிலையிலும் சென்சார் அணைந்துபோகக் கூடும்.

மற்ற மூலங்களிலும் பிழை இதே வகைதான். 60 டிகிரி குழாய், 30 டிகிரி அறை என்பதால், இரு பக்க வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் தரும் வெப்பமின் தகட்டுக்கு 30 டிகிரி வேறுபாடு கிடைத்துவிடாது. மறுபக்கத்தில் வெப்பத்தை வெளியேற்றும் துடுப்புகள் இல்லையென்றால் தகடு முழுவதும் சூடாகி, வேறுபாடு சில டிகிரிகளாகச் சுருங்கிவிடும். நிமிடத்துக்கு 1,440 சுற்று வேகத்தில் ஓடும் மோட்டாரின் அடிப்படை அதிர்வு 24 ஹெர்ட்ஸ், அதில் 50 ஹெர்ட்ஸுக்கு இசைவிக்கப்பட்ட பீசோ பட்டையை (அதிர்வை மின்சாரமாக்கும் பட்டை) ஒட்டுவது வீண். வைஃபை அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆசையைப் பற்றி ஒன்று மட்டும்: 100 மில்லிவாட் ரவுட்டர் இடைவிடாமல் ஒலிபரப்பினாலும், ஒரு மீட்டர் தொலைவில் எளிய ஆன்டெனாவுக்குக் கிடைப்பது சுமார் 10 மைக்ரோவாட், 5 மீட்டரில் அரை மைக்ரோவாட்டுக்கும் குறைவு.

அளப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. கை மல்டிமீட்டரின் மைக்ரோஆம்பியர் அளவையில் 100 ஓம் அளவுக்கு மின்தடை இருக்கலாம். சென்சார் 40 மில்லிஆம்பியர் கேட்கும் நொடியில் 4 வோல்ட் மீட்டரிலேயே விழுவதால் அது மீண்டும் மீண்டும் ரீசெட் ஆகும். நான் ஒரு மாலை முழுவதும் நிரலில் பிழை தேடியது இதனால்தான். கெபாசிட்டரை நிரப்பி, பேனலைக் கழற்றிவிட்டு, சில மணி நேரம் ஓடவிட்டு, தொடக்க வோல்டேஜையும் முடிவு வோல்டேஜையும் குறித்துக்கொள்வது மேல். கெபாசிட்டரின் கொள்ளளவில் பாதியை அந்த இரு வோல்டேஜ்களின் வர்க்கங்களுக்கு இடையிலான வேறுபாட்டால் பெருக்கினால், கசிவையும் சேர்த்து உண்மைச் செலவு கிடைத்துவிடும்.

கடைசியாக, காலியான நிலையிலிருந்து எழும் தருணம். கெபாசிட்டர் 3 வோல்ட்டைத் தொட்டவுடன் சென்சார் விழித்து, நெட்வொர்க்கில் இணைய முயன்று, வோல்டேஜைக் கீழே இழுத்து அணைகிறது. சற்று நேரத்தில் மறுபடி 3 வோல்ட், மறுபடி அணைவு. திங்கட்கிழமை காலையில் தொடங்கும் இந்தச் சுழற்சியில் சேரும் ஆற்றல் எல்லாம் விழிப்பதற்கே செலவாகி, மாலை வரை ஓர் அளவீடுகூட வெளியே போகாது. 4.5 வோல்ட்டில்தான் இயங்கத் தொடங்கி 3 வோல்ட்டில் நிற்கும்படி இரண்டு எல்லைகளையும் பிரித்து அமைத்தால், முதல் இணைப்புக்கு வேண்டிய ஆற்றல் சேர்ந்த பிறகே சென்சார் கண் விழிக்கும்.