கிளவுடுக்கு மாறுமுன் சப்போர்ட்டை உறுதி செய்வது எப்படி?

2023 டிசம்பர் வெள்ளத்தில், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நாங்கள் பார்த்துக்கொள்ளும் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியின் சர்வர் அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பேக்கப் பாளையங்கோட்டையில் இருந்ததால் தப்பித்தோம். "இனி இங்க வேண்டாம், கிளவுடுக்குக் கொண்டு போயிருங்க" என்றார் முதலாளி அண்ணாச்சி. கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வருக்குக் கொண்டுபோனோம், நன்றாகவே ஓடியது.

மார்ச் கணக்கு முடிக்கும் வாரத்தில் ஈஆர்பி (பில், கணக்கு, சரக்கு எல்லாம் பார்க்கும் மென்பொருள்) தொங்கியது. "இந்த சர்வர் வகை எங்கள் பட்டியலில் இல்லை, பட்டியலில் உள்ளதில் இதே பிழையைக் காட்டுங்கள்" என்றது மென்பொருள் நிறுவனம். கிளவுட் நிறுவனமோ தன் பக்கம் கோளாறு இல்லை என்றது. நான்கு நாள் பில் போட முடியவில்லை. "ஓடிக்கிட்டுதான இருந்துச்சு, பெறவு என்ன?" என்று அண்ணாச்சி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: மென்பொருள், டேட்டாபேஸ், ஓஎஸ் மூன்றின் வெர்ஷனையும், பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: எந்தெந்தச் சர்வரில் ஓடினால் சப்போர்ட் தருவோம் என்று மென்பொருள் நிறுவனம் வெளியிடும் ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள். நான் சறுக்கியது இங்கேதான். "ஏடபிள்யூஎஸ்-இல் (அமேசானின் கிளவுட்) சப்போர்ட் உண்டு" என்ற ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன். ஓஎஸ், டேட்டாபேஸ், இன்ஸ்டன்ஸ் வகை (கிளவுடில் எடுக்கும் சர்வரின் வகை) மூன்றும் சேர்ந்தே அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். எங்களுக்கு முதல் இரண்டும் சரி, மூன்றாவது இல்லை. உங்கள் ஈஆர்பி எஸ்ஏபி நிறுவனத்துடையது என்றால், அது வெளியிட்ட நோட்டுகளில் (ஆதரவுக் குறிப்புகள்) ஏடபிள்யூஎஸ்-க்கு 1656099, மைக்ரோசாஃப்டின் அசூருக்கு 1928533, கூகுள் கிளவுடுக்கு 2456432 எண் உள்ளவற்றைப் படியுங்கள்.

படி 3: கண்காணிப்பு நிபந்தனை. ஏடபிள்யூஎஸ்-இல் எஸ்ஏபி சப்போர்ட் கிடைக்க, சர்வர் நிலவரத்தை எஸ்ஏபி-க்குத் தரும் டேட்டா புரொவைடர் என்ற மென்பொருளை நிறுவ வேண்டும். ஏடபிள்யூஎஸ்-இன் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச்சில் விரிவான கண்காணிப்பு வேண்டும். ஏடபிள்யூஎஸ்-இன் பிசினஸ் அல்லது அதற்கு மேலான சப்போர்ட் திட்டமும் வேண்டும். செலவைக் குறைக்க இந்தத் திட்டத்தில் கை வைக்காதீர்கள்.

படி 4: லைசென்ஸ். ஏடபிள்யூஎஸ், அசூர் இரண்டிலும் ஆரக்கிள் டேட்டாபேஸின் எண்டர்பிரைஸ் பதிப்புக்கு, ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோர் இரண்டாக வேலை செய்வது) இருந்தால் 2 விசிபியு-வுக்கு (கிளவுட் சர்வரின் சிபியு அளவு) ஒரு புராசஸர் லைசென்ஸ். ஆரக்கிளின் இன்னொரு பதிப்பான ஸ்டாண்டர்டு எடிஷன் 2-க்கு 8 விசிபியு வரைதான் அனுமதி.

படி 5: மாறுவதற்கு முன்பே மென்பொருள் நிறுவனத்திடம் ஒரு டிக்கெட் (எழுத்து மூலமான சப்போர்ட் கோரிக்கை) போடுங்கள். இன்ஸ்டன்ஸ் பெயர், வெர்ஷன்கள் எல்லாம் எழுதி இரண்டு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சேர்க்கைக்கு முழு சப்போர்ட் உண்டா? பிழை வந்தால் சொந்த சர்வரில் திரும்பக் காட்டச் சொல்வீர்களா?" விற்பனைப் பிரதிநிதி போனில் "பாத்துக்கலாம் சார்" என்று சொல்வதை நான் இப்போது கணக்கிலேயே எடுப்பதில்லை. டிக்கெட்டில் வந்த பதிலைப் பிடிஎஃப் ஆக்கி ஒப்பந்தத்தோடு வைக்கிறேன்.

பின்சேர்க்கை: தீபாவளிக் கூட்டத்துக்காகச் சர்வரைப் பெரிதாக்கலாமா என்று ஒரு ஜவுளிக்கடை நண்பர் கேட்டார். அவரிடம் இருப்பது ஸ்டாண்டர்டு எடிஷன் 2. கேட்டதோ 16 விசிபியு. பெரிதாக்குமுன் படி 2, படி 4 இரண்டையும் மறுபடி பாருங்கள். அவருக்கு 8-லேயே நிறுத்தி, இரவு ரிப்போர்ட்டுகளை நேரம் மாற்றிக் கொடுத்தோம்.