வேலையிழப்பு உதவித்தொகை மறுக்கப்பட்டால்: அப்பீலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வேலை போய், அன்எம்ப்ளாய்மென்ட் கேட்டு, "தகுதியில்லை" என்று பதில் வந்தால் அப்பீல் செய்ய ஒவ்வொரு மாநிலத்திலும் உரிமை உண்டு. நடுநிலையான விசாரணை நடத்த வேண்டும் என்று 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. எழுத்துப்பிழை, கையெழுத்து விட்டுப்போவது போன்றவற்றை விட்டுவிடுவோம். பணத்தை இழக்க வைக்கும் தவறுகள் வேறு.

கெடுவைத் தப்பாக எண்ணுவது

கடிதம் கைக்கு வந்த நாள் கணக்கில்லை. அதில் அச்சிட்டிருக்கும் தேதியிலிருந்து டெக்சஸில் 14 நாள், ஃபுளோரிடாவில் 20, பென்சில்வேனியாவில் 21, கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 30. கெடு தாண்டிவிட்டாலும், தாமதத்துக்கான காரணத்தை எழுதி அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

அப்பீல் போட்ட கையோடு சர்டிஃபை செய்வதை நிறுத்துவது

சர்டிஃபை என்றால், அந்தந்த வாரத்துக்கான கேள்விகளுக்குப் பதில் சொல்லி உதவித்தொகை கேட்பது. அதை நிறுத்துவது எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. பார்க்கும்போதெல்லாம் ஆற்றாமையாக இருக்கிறது. "எப்படியும் பணம் வரப்போவதில்லை, வாராவாரம் எதற்கு அதே கேள்விகளுக்குப் பதில்?" என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு வழக்கில் ஜெயித்தும் வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

தீர்ப்பு உங்களுக்குத் தகுதி உண்டு என்று மட்டுமே சொல்லும். பணம் நீங்கள் முறைப்படி சர்டிஃபை செய்த வாரங்களுக்குத்தான் வரும். கலிஃபோர்னியாவில் வாரத்துக்கு உச்சவரம்பான 450 டாலர் பெறத் தகுதியுள்ள ஒருவர், தீர்ப்பு வரும்வரை பத்து வாரம் சும்மா இருந்தால் போவது 4,500 டாலர். விட்ட வாரங்களைப் பின்னால் சேர்க்கக் கேட்கலாம். ஆனால் அதற்குத் தக்க காரணம் வேண்டும். "மறுத்துவிட்டார்களே என்று விட்டுவிட்டேன்" என்பதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

ஆகவே மாநிலம் கேட்கிறபடி, வாரமொருமுறையோ இரு வாரத்துக்கொருமுறையோ, தவறாமல் பதிவு செய்யுங்கள். திரையில் 0 டாலர் என்று காட்டினாலும் கலங்க வேண்டாம். வேலை செய்யத் தயாராக இருந்தீர்களா, எங்கே தேடினீர்கள், ஏதாவது சம்பாதித்தீர்களா என்று கேட்பார்கள். இரண்டு நாள் பகுதிநேர வேலை செய்திருந்தாலும் மறைக்காதீர்கள். வேலை தேடியதைத் தேதி, நிறுவனம், பதவி, தொடர்புகொண்ட விதம் என்று நான்கு நெடுவரிசையாக எழுதி வையுங்கள். தளம் உள்ளே விடவில்லையென்றால் அந்தத் திரையைப் படமெடுத்துக்கொண்டு, அதே வாரத்தில் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

கேட்காததைப் பேசுவது

மறுப்புக் கடிதத்தில் காரணம் ஒன்று இருக்கும். விசாரணை அதைச் சுற்றியேதான் நடக்கும். "ஒழுங்கீனம்" என்றிருந்தால் அதை நிரூபிக்க வேண்டியது பொதுவாக முதலாளி. "தானாக விலகினார்" என்றால், விலகத் தக்க காரணம் இருந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். பிரச்சினையை மேலதிகாரிக்குச் சொன்னீர்களா, என்றைக்கு, எழுத்திலா என்று நீதிபதி கேட்பார். மேனேஜரின் குணத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினால் இந்தக் கேள்விக்கான பதில் அதில் மூழ்கிவிடும்.

சாட்சியும் நேரில் கண்டவராக இருக்க வேண்டும். "அவர் பார்த்ததாகச் சொன்னார்" என்பதற்கு எடை குறைவு.

ஆதாரத்தைக் கையிலேயே வைத்திருப்பது

பெரும்பாலும் விசாரணை போனில்தான். நீங்கள் காட்டும் காகிதத்தை நீதிபதி பார்க்க முடியாது. மின்னஞ்சல், எச்சரிக்கைக் கடிதம், ஷிஃப்ட் அட்டவணை எல்லாவற்றையும் பக்க எண் போட்டு, விசாரணை நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் நீதிபதிக்கும், டெக்சஸ் போன்ற மாநிலங்களில் எதிர்த்தரப்புக்கும் அனுப்ப வேண்டும். ஆங்கிலம் தடுமாறும் என்றால் மொழிபெயர்ப்பாளரையும் அப்போதே கேளுங்கள், கட்டணம் கிடையாது.

அழைப்புக்காகக் காத்திருப்பது

சில மாநிலங்களில் நீங்கள்தான் அழைக்க வேண்டும். நோட்டீஸைப் படியுங்கள். அப்பீல் செய்தவர் வரவில்லையென்றால் வழக்கு தள்ளுபடியாகலாம்.

"அடுத்த அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம்"

மேல்முறையீட்டு வாரியம் பொதுவாக முதல் விசாரணையின் பதிவைத்தான் பார்க்கும். அங்கே காட்டாத ஸ்கிரீன்ஷாட்டை இங்கே பெரும்பாலும் வாங்க மாட்டார்கள்.