தங்கூசியை முறுக்கித் தசை செய்வது எப்படி?

மீன் பிடிக்கும் தங்கூசி நரம்பை ஒரு எடையோடு தொங்கவிட்டு முறுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது தானாகவே ஸ்பிரிங்காகச் சுருண்டுவிடும். அந்தச் சுருளில் எடையை மாட்டி ஹேர் ட்ரையர் காட்டினால் எடையைத் தூக்கும். ஆறவிட்டால் இறக்கும். மோட்டார் கிடையாது, பல்சக்கரம் கிடையாது. நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற நைலான்தான் வேலை செய்கிறது.

இதை உலகத்துக்குக் காட்டியது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் ரே பாக்மன் தலைமையில் இயங்கிய குழு. கார்ட்டர் ஹெய்ன்ஸ் முதல் ஆசிரியராக இருந்த அந்தக் கட்டுரை 2014 பிப்ரவரியில் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. முறுக்காத நைலான் நரம்பு சூட்டில் நான்கு சதவீதம் சுருங்கினாலே அதிகம். முறுக்கிச் சுருளாக்கியவை 49 சதவீதம் வரை சுருங்கின. அதே நீளமும் எடையும் உள்ள மனிதத் தசை தூக்குவதைவிட நூறு மடங்குக்கும் மேலான பாரத்தைத் தூக்கின. பொருள் ஒன்றுதான், அதற்குள் புகுத்திய முறுக்கு மட்டுமே புதிது. என்னை இந்த விஷயத்தில் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

வீட்டில் 49 சதவீதம் வராது. ஹேர் ட்ரையர் சூட்டில் பத்தில் ஒரு பங்கு சுருங்கினால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

என்னென்ன வேண்டும்

0.5 மி.மீ. ஒற்றை இழை நைலான் நரம்பு, ஒன்றேகால் மீட்டர். ஸ்பூல் அட்டையில் மி.மீ. அளவு போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். 0.3 மி.மீ.க்குக் கீழே போனால் சுருள் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. 0.8க்கு மேலே போனால் ஹேர் ட்ரையர் சூடு உள்ளே இறங்க நேரமாகும். பின்னல் நரம்பு வேண்டவே வேண்டாம். அது பாலிஎத்திலீன், வழுக்கும், முடிச்சு நிற்காது, குறைந்த சூட்டிலேயே உருகிவிடும்.

முறுக்குவதற்குக் கையால் சுற்றும் ட்ரில், இல்லையென்றால் பேட்டரி ஸ்க்ரூடிரைவர். மின்சார ட்ரில்லை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுருள் பிறக்கிற நொடியை அதில் பார்க்கவே முடியாது, அதற்குள் நரம்பு அறுந்துவிடும்.

எடைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். எடைக்கல்லைவிட இது மேல், ஏனென்றால் தண்ணீரை ஊற்றியும் குறைத்தும் எடையை நினைத்தபடி மாற்றலாம். கூடவே பேப்பர் கிளிப் இரண்டு, ஒரு அடி நீளக் குச்சி, பர்மனென்ட் மார்க்கர். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முறுக்கேறிய நரம்பு அறுந்தால் முகத்தை நோக்கித்தான் வரும்.

படி 1: தொங்கவிடுவது

நரம்பின் இரு முனையிலும் கிளிப்பை மாட்டுங்கள். கிளிப் கம்பியில் நாலைந்து சுற்று சுற்றி, அப்புறம் முடிச்சுப் போடுங்கள். நேராக முடிச்சு மட்டும் போட்டால் அந்த இடத்தில்தான் அறும். மேல் கிளிப் ட்ரில்லின் வாயில், கீழ்க் கிளிப் பாட்டிலின் கழுத்தில். பாட்டிலில் தண்ணீர் 300 மி.லி.

முறுக்குவதற்கு முன் நரம்பின் மேல் நெடுக ஒரு மார்க்கர் கோடு இழுத்துவிடுங்கள். இது எந்த வீடியோவிலும் நான் பார்க்காதது, ஆனால் இது இல்லாமல் நான் முறுக்குவதே இல்லை. காரணம் அடுத்த படியில் புரியும்.

இப்போது குச்சியைப் பாட்டில் கழுத்தில் குறுக்காகக் கட்டி, அதன் ஒரு முனை ஏதாவது செங்குத்தான காலில் இடித்து நிற்கும்படி வையுங்கள். இரும்பு ரேக்கின் கால் சரியாக இருக்கும். பாட்டில் மேலும் கீழும் போகலாம், சுற்றக் கூடாது. பாட்டில் சுற்றினால் நீங்கள் கொடுக்கிற முறுக்கு முழுவதும் கீழே வழிந்துவிடும்.

இன்னொன்று. ஒரு மீட்டர் நரம்பு கடைசியில் கால் மீட்டர் சுருளாகிவிடும். அதாவது பாட்டில் தரையிலிருந்து முக்கால் மீட்டர் மேலே ஏறும். குச்சி இடித்து நிற்கிற கால் அவ்வளவு உயரத்துக்கும் இடையூறில்லாமல் இருக்க வேண்டும். ரேக்கின் தட்டு நடுவில் குறுக்கிட்டால் பாட்டில் அங்கே மாட்டிக்கொள்ளும், நரம்பு அறுந்துவிடும். ரேக்குக்குப் பதில் ஸ்டூலின் காலை வைத்துச் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் அறுகிறது.

படி 2: முறுக்குவது

மெதுவாகச் சுற்றுங்கள். முதலில் பெரிதாக ஒன்றும் தெரியாது, பாட்டில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். மார்க்கர் கோட்டைப் பாருங்கள். நேராக இருந்த கோடு நரம்பைச் சுற்றிச் சாய ஆரம்பித்திருக்கும். சுற்றச் சுற்றச் சாய்வு கூடும். கோடு ஏறத்தாழ 40, 45 டிகிரிக்குச் சாய்ந்துவிட்டால் முதல் சுருள் வரப்போகிறது. 0.5 மி.மீ. நரம்பில் அதற்கு மீட்டருக்கு ஐந்நூறு, அறுநூறு சுற்று ஆகும். எண்ண வேண்டியதில்லை. கோடு சொல்லும்.

அந்த இடத்தில் வேகத்தைப் பாதியாக்குங்கள். நரம்பில் எங்கோ ஓரிடம் லேசாக நெளியும். அடுத்த சுற்றில் அந்த நெளிவு ஒரு முழு வளையமாகும். அதற்கடுத்த சுற்றில் வளையத்தை ஒட்டியே இன்னொரு வளையம். அங்கிருந்து சுருள் ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் நெருக்கமாகப் பரவும். இதைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். நேரான நரம்பு இனிமேல் முறுக்கை உள்ளே வைத்துக்கொள்ள முடியாமல், அதை வளைவாக மாற்றி வெளியே தள்ளுகிற இடம் அது.

எடை சரியாக இருந்தால்தான் இது நடக்கும். எடை குறைவென்றால் நரம்பு பக்கவாட்டில் மடிந்து, தன்னோடு தானே முறுக்கிக்கொண்டு ஒரு கொம்பு மாதிரி நீட்டி நிற்கும். எடை அதிகமென்றால் சுருளே விழாமல் அறும். கொம்பு வந்தால் ட்ரில்லைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் சுற்றிக் கொம்பைப் பிரித்துவிட்டு, ஐம்பது மி.லி. தண்ணீர் ஊற்றி மறுபடி தொடங்குங்கள். அறுந்தால் புது நரம்பு, ஐம்பது மி.லி. குறைவு. 0.7 மி.மீ. நரம்பு என்றால் 600 கிராமில் ஆரம்பியுங்கள். விட்டம் இரட்டித்தால் எடை நான்கு மடங்கு, ஏனென்றால் கணக்கு குறுக்குவெட்டுப் பரப்பை ஒட்டியது.

சுருள் முழு நீளமும் நிறைந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம்.

படி 3: சூட்டில் பதிய வைப்பது

ட்ரில்லிலிருந்து மேல் கிளிப்பைக் கழற்றும்போது விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் எல்லாம் பிரிந்துவிடும். இரண்டு முனையும் சுற்ற முடியாதபடி ஒரு இரும்புப் பட்டையில் இழுத்துக் கட்டி, ஓடிஜி அடுப்பில் 150 டிகிரியில் அரை மணி நேரம். வெளியே எடுத்து முழுவதும் ஆறிய பிறகே அவிழ்க்க வேண்டும். நைலான் 6 உருகுவது 220 டிகிரி அளவில், ஆகவே அடுப்பின் தெர்மோஸ்டாட்டை நம்பி 200க்குப் போகாதீர்கள்.

அடுப்பு இல்லாவிட்டால், தொங்கவிட்ட நிலையிலேயே ஹேர் ட்ரையரை மேலும் கீழும் காட்டி, ஆறவிட்டு, மறுபடி காட்டி என்று பல முறை செய்யலாம். வேலை நடக்கும். ஆனால் அடுப்பில் பதிந்த சுருள் அளவுக்குச் சீராக வராது.

படி 4: தூக்க வைப்பது

சுருளைத் தொங்கவிட்டு அதே 300 கிராமை மாட்டிச் சூடு காட்டுகிறீர்கள். எதுவும் நடக்கவில்லை. உடனே நரம்பு சரியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சுருளைக் கிட்டத்தில் பாருங்கள்: வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சுருங்குவதற்கு இடமே இல்லை. பாட்டிலில் இன்னும் தண்ணீர் ஊற்றுங்கள். வளையங்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கும்போது நிறுத்தி, இப்போது சூடு காட்டுங்கள். பாட்டில் ஏறும். இங்கேயும் பாட்டில் சுற்றாமல் குச்சி தடுத்திருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்தி அளந்து எழுதிவையுங்கள்.

ஏன் தூக்குகிறது?

நைலான் நரம்பை ஆலையில் இழுத்து நீட்டித்தான் செய்கிறார்கள். அதனால் மூலக்கூறுச் சங்கிலிகள் நீளவாக்கில் வரிசையாகக் கிடக்கின்றன. சூடானால் அந்தத் திசையில் நரம்பு கொஞ்சம் குறுகும், குறுக்கே பருக்கும். நேரான நரம்பில் இது கண்ணுக்கே தெரியாத மாற்றம்.

இப்போது மார்க்கர் கோட்டை நினையுங்கள். முறுக்கிய நரம்பில் சங்கிலிகளும் அந்தக் கோட்டைப் போலவே சுற்றிக்கொண்டு போகின்றன. நரம்பு பருக்கிறது, ஆனால் சுற்றிப் போகும் சங்கிலி நீளவில்லை, குறுகத்தான் பார்க்கிறது. பருத்த உடம்பை அதே நீளச் சங்கிலியால் அத்தனை முறை சுற்ற முடியாது. சுற்று குறைந்தாக வேண்டும். அதாவது நரம்பு முறுக்கவிழப் பார்க்கிறது.

முனைகளைக் கட்டிப்போட்டிருக்கிறோமே, எங்கே அவிழும்? ஒரு நீளக் காகிதப் பட்டையைப் பென்சிலில் சுற்றி, பென்சிலை உருவிவிட்டு, இரண்டு முனையையும் திருப்பாமல் இழுத்துப் பாருங்கள். சுருள் மறைந்து பட்டையில் முறுக்கு வந்து நிற்கும். சுருளும் முறுக்கும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக்கூடியவை, முனை கட்டியிருக்கும்வரை கூட்டுத்தொகை மாறாது. டி.என்.ஏ. இழைகளுக்கும் இதே கணக்குத்தான். ஆக, நரம்பில் முறுக்கு குறையும்போது அதைச் சுருள் ஈடுகட்டுகிறது: வளையங்கள் நெருங்குகின்றன, பாட்டில் ஏறுகிறது.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நரம்பைச் சுருள் விழுவதற்குச் சற்று முன்புவரை முறுக்கி, ஒரு இரும்புக் கம்பியில் நீங்களே கையால் சுற்றி அடுப்பில் வையுங்கள். முறுக்கின் பக்கமே சுற்றினால் சூட்டில் சுருங்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் சூட்டில் நீளும்! நரம்பு, சூடு, எடை எல்லாம் ஒன்றே, திசை மட்டும் வேறு. நேரம் இருந்தால் இரண்டையும் செய்து பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கொடுக்கிற வெப்பத்தில் மிகச் சொற்பமே வேலையாக மாறுகிறது. இதைக்கொண்டு தண்ணீர் இறைக்க முடியாது. வீணாகும் வெப்பம் இருக்கும் இடத்தில் ஜன்னல் திறந்து மூடுவது போன்ற வேலைகளுக்கு இது பொருத்தம்.

புல் இதை முன்பே செய்கிறது

மழைக்காலம் முடிந்து தரிசில் நடந்தால் வேட்டியிலும் சேலையிலும் ஏறிக்கொள்ளுமே ஊசிப்புல் (அறிவியல் பெயர் ஹெட்டிரோபோகான் கன்டார்டஸ்), அதன் விதையை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். விதையின் பின்னால் கறுப்பு வால் நீண்டிருக்கும். வாலின் அடிப்பாகம் முறுக்கேறியது, மேல்பாகம் மடங்கி ஒரு கை மாதிரி பக்கவாட்டில் நீட்டியிருக்கும். விதையைச் சோப்புத் துண்டில் நிமிர்த்திக் குத்தி, முறுக்கின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மடங்கிய கை மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். காய்ந்தால் திரும்பிச் சுற்றும்.

வாலில் உயிர் கிடையாது, எல்லாம் செத்த செல்கள். செல் சுவரில் செல்லுலோஸ் நார்கள் சாய்வாகச் சுற்றிக் கிடக்கின்றன. ஈரம் பட்டால் சுவர் பருக்கிறது, நார் நீள்வதில்லை. அப்புறம் நடப்பது நம் நரம்பில் நடந்ததேதான், சூட்டுக்குப் பதில் ஈரம். நிலத்தில் அந்தக் கை ஒரு புல்லிலோ கல்லிலோ மாட்டிக்கொண்டால் கைக்குப் பதில் விதை சுற்றும், கூர்முனை மண்ணைத் துளைக்கும். முனையில் பின்னோக்கிய மயிர்கள் இருப்பதால் திரும்பி வராது. ஆட்டுத் தோலில் ஏறிப் புண்ணாக்குவதும் இப்படித்தான். இதே மாதிரி துளைக்கும் ஸ்டைப்பா புல்லை ஆராய்ந்து சார்லஸ் டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வின் 1876இல் விரிவாக எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், வகுப்பில் நரம்பையும் புல்லையும் ஒரே மேசையில் வையுங்கள்.

பின்சேர்க்கை 1: பாகல் கொடியின் பற்றுக்கம்பியில் பாதிச் சுருள் ஒரு பக்கமும் மீதிப் பாதி எதிர்ப்பக்கமும் போகிறதே, நம் நரம்பு ஏன் அப்படி இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். பற்றுக்கம்பியின் நுனி பந்தலைப் பிடித்த பிறகுதான் சுருள் விழுகிறது. இரு முனையும் கட்டு, வெளியிலிருந்து முறுக்கு வரவில்லை, கூட்டுத்தொகை பூஜ்யம். ஆகவே வலப்பக்கம் எத்தனையோ இடப்பக்கமும் ஏறக்குறைய அத்தனை. அப்பா சார்லஸ் டார்வின் 1865இலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். நாம் ட்ரில்லால் ஒரே பக்கம் முறுக்குகிறோம், அதனால் சுருளும் ஒரே பக்கம்.

பின்சேர்க்கை 2: அடுப்பும் இல்லை, ட்ரையரில் பதியவும் இல்லை என்கிறவர்களுக்கு. படி 2 முடிந்ததும் சுருளின் நடுவில் ஒரு கொக்கியை மாட்டி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடியுங்கள். கயிறு திரிக்கும்போது இரண்டு புரி சேர்வது போல அது தானே ஒன்றாகப் பின்னிக்கொள்ளும். புரிக்குள் இருக்கும் முறுக்கும் புரிகள் சேர்ந்த முறுக்கும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துவதால் கையை விட்டாலும் பிரியாது. எடை இரட்டிப்பாக மாட்ட வேண்டும், நீளம் பாதியாகிவிடும். ஆகவே ஆரம்பத்திலேயே இரண்டரை மீட்டர் நரம்பு எடுத்துக்கொள்ளுங்கள், மாடிப்படியின் கைப்பிடியிலிருந்து தொங்கவிட்டால் உயரம் போதும்.