புது ஆம்ப் வாங்கும் முன் ஸ்பீக்கரைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்

எங்கள் வீடு சிங்கப்பூரில் ஒரு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஸ்டீரியோ வாங்கிய புதிதில் பாட்டில் கனமே இல்லை. மிருதங்கத்தின் வலந்தலை கணீரென்று கேட்கும், தொப்பிப் பக்கத்துக் குமுக்கி மட்டும் காணாமல் போய்விடும். ஆம்ப்ளிஃபையரில் சக்தி போதவில்லை என்று நானே முடிவு கட்டி, சேமிப்பிலிருந்து எடுத்துப் புதிதாக ஒன்று வாங்கினேன். ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் நண்பர் ஒருவர் வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறிச் சொருகியிருந்தன. அப்படி இருந்தால் ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். இரண்டின் பேஸும், அதாவது தாழ்ந்த ஒலியும், ஒன்றையொன்று அடித்துவிடும்.

அதனால் முதலில் இதைச் சோதியுங்கள். ரேடியோவில் 'ஒலி 96.8' தமிழ் வானொலி நிலையத்தை வைத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உட்காருங்கள். அறிவிப்பாளரின் குரல் நேர் நடுவிலிருந்து வர வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாமல் பரவலாகக் கேட்டால் ஒயரைப் பாருங்கள்.

அடுத்தது அறை. நம் வீடுகளில் தரை டைல்ஸ், சுவர் கான்கிரீட். நடுக்கூடத்தில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். 'ட்ரிங்' என்று ஒரு வால் நீண்டால், பாட்டின் சொற்களையும் அதே வால்தான் மழுங்கடிக்கிறது. கனமான திரைச்சீலை, தரையில் ஒரு கம்பளம், புத்தகங்கள் நிறைந்த அலமாரி இவை செய்யும் மாற்றம் பெரிது. ஸ்பீக்கரை டிவி மேசையின் மூலையில் செருகி வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மூலையில் பேஸ் வீங்கிக் குழைந்துவிடும். சுவரிலிருந்து ஓர் அடியாவது முன்னே இழுங்கள். உச்ச ஒலியைத் தரும் சின்னக் கூம்பான ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வரட்டும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஏறக்குறைய சமபக்க முக்கோணமாக இருந்தால் நல்லது. இதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. செய்துவிட்டு ஒரு மாதம் கேளுங்கள், அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் கடைக்குப் போகலாம்.

கடையில் வாட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியை, அதாவது ஒரே சக்திக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்பதை, கேளுங்கள். 84 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்டில் தரும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே தந்துவிடும். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கே போகட்டும் என்பேன். விலையுயர்ந்த ஒயரெல்லாம் இப்போது வேண்டாம், இரண்டு மூன்று மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் தாராளம்.

சிட்டி ஹால் எம்ஆர்டிக்குப் பக்கத்தில் உள்ள அடெல்ஃபியில் ஒரே கூரையின் கீழ் பல ஹைஃபை கடைகள் இருக்கின்றன. போகும்போது உங்களுக்கு வரிக்கு வரி தெரிந்த பாட்டைக் கொண்டுபோங்கள். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது சத்தத்தை ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள். துளி சத்தம் கூடினாலும் காது அதையே நல்லது என்று நம்பிவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றவும் வேண்டாம். அப்புறம் எந்தப் பெட்டி என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

பழையது வாங்குவதில் தவறில்லை, ஆனால் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் பாருங்கள். ஜப்பான் சந்தைக்காகச் செய்த ஆம்ப்கள் 100 வோல்ட்டில் ஓடுபவை. இங்கே மின்சாரம் 230 வோல்ட். ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் கருகிவிடும், ஆபத்தும்கூட. பின்பக்க லேபிளைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். அடுத்து, பேஸைத் தரும் பெரிய கூம்பான வூஃபரைச் சுற்றியுள்ள வளையம். அது ஃபோம் என்றால் ஆண்டுகள் ஆக ஆக நம் ஈரக்காற்றில் உதிர்ந்துபோகும். விரல் நுனியால் மெல்லத் தொட்டாலே தெரிந்துவிடும். ரப்பர் வளையம் நெடுநாள் தாங்கும்.

இசைத்தட்டு கேட்க டர்ன்டேபிள் சேர்ப்பவர்கள் ஆம்ப்பில் 'போனோ' என்ற இணைப்பு இருக்கிறதா பாருங்கள். சிடி பிளேயர் சுமார் 2 வோல்ட் தரும், டர்ன்டேபிளின் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அந்தச் சிறு அளவைப் பெருக்கும் போனோ இல்லாமல் செருகினால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டியான சப்வூஃபரைக் கடைசிக்கு வையுங்கள். தாழ்ந்த ஒலி தரையையும் சுவரையும் கடந்து கீழ்வீட்டுக்கும் போகும். நாங்கள் வாங்கியபோது, சாயங்காலம் நன்றாக முடுக்கிவிட்டு, நானே கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, எவ்வளவு கேட்கிறது என்று அந்தச் சீனப் பாட்டியிடம் கேட்டேன். குமிழைக் கால்வாசி குறைத்தோம். இரவு பத்து மணிக்கு மேல் அது ஓடுவதில்லை.