ஜெர்மனியில் அரியர் கிடையாது: படிக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் பிறந்தால் போதும், இரண்டு பெரிய பெட்டியும் ஒரு பிரஷர் குக்கருமாக நம் பிள்ளைகள் ஜெர்மனியில் வந்து இறங்க ஆரம்பித்துவிடுவார்கள். குளிருக்கு நல்ல ஜாக்கெட் வாங்கு, குப்பையைப் பிரித்துப் போடு, ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது, ராத்திரி பத்து மணிக்கு மேல் மிக்சி போடாதே என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஒரு வாரத்தில் தானாகத் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டிச் சொல்லிக்கொடுப்பார்.

பணமோ, வருடமோ, விசாவோ பறிபோகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன். இதில் சிலது நானே செய்ததுதான். அதையே புதிதாக வருகிறவர்களும் அச்சுப் பிசகாமல் செய்வதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை.

மலிவான இன்சூரன்ஸ்

முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில் சலுகைக் கட்டணம் உண்டு. மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும். தனியார் காப்பீடு அதில் நாலில் ஒரு பங்குக்குக்கூடக் கிடைக்கும். ஊரில் விசா வேலை பார்த்துக் கொடுக்கிற ஏஜென்ட் அதைத்தான் நீட்டுவார். பிள்ளையும் மாதம் நூறு யூரோ மிச்சம் என்று கையெழுத்துப் போட்டுவிடும்.

விஷயம் எங்கே இருக்கிறது என்றால், தனியாருக்குப் போவதற்காக அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், படிப்பு முடியும் வரை அந்த விலக்கைத் திரும்பப் பெற முடியாது. பல் பிடுங்க வேண்டும், முதுகுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று வரும்போது மலிவான பாலிசியில் அது இல்லை, இது இல்லை என்பார்கள். அப்போது மாறலாம் என்றால் கதவு மூடியிருக்கும். விசாவுக்கும் விமானத்துக்கும் பயணக் காப்பீடு போதும். இங்கே வந்து பல்கலைக்கழகத்தில் சேரும்போது, வேறு வலுவான காரணம் இல்லாவிட்டால், அரசுக் காப்பீட்டிலேயே சேருங்கள்.

தபால் பெட்டியில் பெயர் ஒட்டாமல் இருப்பது

இந்த நாட்டில் முக்கியமான எதுவும் இன்னமும் தபாலில்தான் வரும். வங்கி அட்டை ஒரு கவர், அதன் ரகசிய எண் வேறொரு கவர், வரி எண் ஒரு கவர், காப்பீட்டு அட்டை ஒரு கவர். தபால்காரர் வீட்டு எண்ணையும் பார்ப்பார், பெட்டியில் உள்ள பெயரையும் பார்ப்பார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். உள்வாடகைக்கு இருப்பவர்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரை எழுதி, வந்த அன்றைக்கே செலோடேப்பால் பெட்டியின் வெளியே ஒட்டிவிடுங்கள். ‘பாஸ்கி’ என்று நண்பர்கள் கூப்பிடும் பெயரை அல்ல.

அரசு அலுவலகத்திலிருந்து மஞ்சள் நிற உறை வந்தால் அதை வீசாதீர்கள். பெட்டியில் போட்ட தேதியைத் தபால்காரர் உறையின் மேலேயே பேனாவால் எழுதியிருப்பார். நீங்கள் எப்போது பிரித்துப் படித்தாலும் கடிதத்தில் உள்ள கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.

“சும்மா எழுதிப் பார்க்கிறேன்க்கா”

இப்போது எனக்குக் கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் பொறியியல் படித்தவர்களுக்கு அரியர் என்பது வாழ்க்கையின் ஒரு பகுதி. இந்த செமஸ்டர் போனால் அடுத்த செமஸ்டர், அதுவும் போனால் அதற்கடுத்தது. 2020-இல் கொரோனா சமயத்தில், அரியருக்குப் பணம் கட்டியிருந்தாலே பாஸ் என்று அரசு அறிவித்து, அது உயர் நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கும். இப்படி ஓர் ஊரில் வளர்ந்துவிட்டு இங்கே வரும் பிள்ளை, தேர்வுக்குப் பதிவு செய்யும் பக்கத்தைத் திறந்ததும் என்ன செய்யும்? இருக்கிற எல்லாப் பேப்பருக்கும் டிக் அடிக்கும்.

இங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முயற்சிதான். சில இடங்களில் இரண்டே. மூன்றாவதிலும் தோற்றால் ‘இறுதித் தோல்வி’ என்று முத்திரை விழும். கட்டாயப் பாடமாக இருந்தால் அத்துடன் அந்தப் படிப்பே முடிந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் மட்டுமல்ல, ஜெர்மனியில் வேறு எந்தப் பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பில் சேர முடியாது. புதிதாக விண்ணப்பிக்கும்போது இப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். உங்கள் விசா அந்தப் படிப்புக்காகக் கொடுத்தது என்பதால் அதுவும் ஆட்டம் காணும்.

சேலம் பக்கத்துத் தம்பி ஒருவர். விசா தாமதமாகி நவம்பர் கடைசியில்தான் வந்து சேர்ந்தார். பாதி வகுப்புகள் முடிந்துவிட்டன. பிப்ரவரித் தேர்வுக்கு ஆறு பேப்பருக்குப் பதிவு செய்திருக்கிறேன் என்று மென்சாவில், அதாவது பல்கலைக்கழக உணவகத்தில், உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே சொன்னார். ஏன் தம்பி ஆறு என்றேன். “கொஸ்டின் எப்படி வருதுன்னு சும்மா எழுதிப் பார்க்கிறேன்க்கா. போனா ஒரு அட்டெம்ப்ட்தானே.” மூன்றை ரத்து செய்யச் சொன்னேன். அதற்கும் ஒரு கடைசித் தேதி இருக்கிறது, அதைப் பார் என்றேன். தலையை ஆட்டினார். பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். இரண்டு பேப்பர் எழுதித் தோற்றார். இரண்டுக்குத் தயாராகவில்லை என்று போகவே இல்லை. பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் அதுவும் 5.0, அதாவது தோல்விதான். ஒரு முயற்சி கணக்கில் ஏறிவிட்டது. தேறியதில் ஒன்று 3.7. இங்கே 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி. பெரும்பாலான இடங்களில் ஒருமுறை தேறிவிட்டால் மதிப்பெண்ணை உயர்த்த மறுபடி எழுத விடமாட்டார்கள். அந்த 3.7 கடைசி வரை சான்றிதழில் இருக்கும், வேலைக்குப் போகும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைப் படிப்பார்.

அடுத்த செமஸ்டரில் புதுப் பாடங்களோடு பழைய நான்கும் சேர்ந்துகொண்டன. தோற்ற பேப்பருக்கு அடுத்த முறை தானாகவே பதிவாகிவிடும் பல்கலைக்கழகங்களும் உண்டு. தம்பியுடையது அப்படித்தான். அது தெரியாமல் ஒரு பேப்பரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். இரண்டாவது 5.0 அப்படி வந்தது. மூன்றாவது முயற்சிக்கு முந்தைய ராத்திரி அவர் அம்மா ஊரிலிருந்து எனக்குப் போன் செய்து, “அவன் சாப்பிடறானாம்மா?” என்று கேட்டார். என்ன சொல்ல? அந்தப் பையன் தேறிவிட்டார், அது வேறு கதை. அதே வகுப்பில் தேறாமல் திரும்பிப் போன பெண்ணும் உண்டு. வங்கிக் கடன் மட்டும் கூடவே போனது.

இது சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. ஊரில் கன்சல்டன்சிக்காரர் இரண்டு வருடத்தில் மாஸ்டர்ஸ் என்று சொல்லியிருப்பார். கல்விக் கடனுக்கு வட்டி ஓடும். மாஸ்டர்ஸுக்கு 120 கிரெடிட், நான்கு செமஸ்டர், ஆகவே செமஸ்டருக்கு 30, பேப்பருக்கு 5 என்று கணக்குப் போட்டால் ஆறு பேப்பர்தான் வரும். கணக்கு சரி. ஆனால் ஒரு கிரெடிட் என்பதே 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அப்புறம் நம் ஊர் இன்டர்னல் மார்க் இங்கே கிடையாது. 90 நிமிடமோ 120 நிமிடமோ எழுதும் அந்த ஒரே தேர்வுதான் பெரும்பாலும் முழு மதிப்பெண்ணும். வகுப்புக்கு வருகிறாயா என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் ஜனவரி வரை எல்லாம் சுகமாகவே போகும். ஜெர்மன் மாணவர்களே ஐந்தாறு செமஸ்டர் எடுத்துக்கொண்டு நிதானமாக முடிக்கிறார்கள். அதை இங்கே யாரும் குறையாக நினைப்பதில்லை.

ஆகவே முதல் செமஸ்டரில் மூன்று பேப்பர், தாமதமாக வந்தால் இரண்டு. பதிவுக்கான கடைசித் தேதியையும் ரத்து செய்வதற்கான கடைசித் தேதியையும் வந்த வாரமே தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் அது மாறும். சில இடங்களில் தேர்வுக்குச் சில நாள் முன்பு வரை விடுவார்கள், சில இடங்களில் பல வாரம் முன்பே மூடிவிடுவார்கள். உங்கள் துறை மாணவர் அமைப்பிடம் பழைய வினாத்தாள்கள் இருக்கும், போய்க் கேளுங்கள். “கொஸ்டின் எப்படி வருது” என்று தெரிந்துகொள்ள ஒரு முயற்சியைப் பலி கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு எரிச்சல் அங்கேதான்.

தேர்வு நாளில் காய்ச்சல் என்றால் உள்ளே போய் உட்காராதீர்கள். மருத்துவரிடம் போய் அன்றைக்கே சான்று வாங்கி, குறித்த கெடுவுக்குள் தேர்வு அலுவலகத்துக்குக் கொடுங்கள். உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு மருத்துவர் தரும் சாதாரணச் சீட்டைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. அந்தப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனிப் படிவம் இருக்கும், அதை முன்கூட்டியே அச்செடுத்து வைத்திருங்கள். முழுத் தேர்வையும் எழுதிவிட்டு, ரிசல்ட் வந்த பிறகு உடம்பு சரியில்லை என்றால் எடுபடாது.

திருத்திய தாளைப் பார்க்கப் போகாதது

ரிசல்ட் வந்த பிறகு, திருத்திய விடைத்தாளை நேரில் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு நாள், ஓரிரு மணி நேரம். நம் பிள்ளைகள் ‘ரீவேல்யூவேஷன்’ மாதிரி பணம் கட்ட வேண்டும், பேராசிரியர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்துப் போவதே இல்லை. இது இலவசம், உங்கள் உரிமை, யாரும் கோபிக்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் 5.0 என்று போய்ப் பார்த்தால், தாளின் பின்பக்கத்தில் எழுதிய விடையைத் திருத்தவே இல்லை. உதவியாளர் மன்னிப்புக் கேட்டு அங்கேயே மதிப்பெண் போட்டார். தேறிவிட்டார்.

இறுதித் தோல்வி என்று கடிதம் வந்தால்கூட, அதில் மறுப்புத் தெரிவிக்க வழியும் கெடுவும் எழுதியிருக்கும். பொதுவாக ஒரு மாதம். பெயர் ஒட்டாத தபால் பெட்டி எவ்வளவு ஆபத்து என்று இப்போது புரிகிறதா?

வாட்ஸ்அப் குழுவில் விதி கேட்பது

ஆகன் நகரத்தில் படிப்பவர் சொல்லும் தேர்வு விதி செம்னிட்ஸ் நகரத்தில் செல்லாது. ஒரே பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் துறைக்கும் கம்ப்யூட்டர் துறைக்குமே மாறும். உங்கள் படிப்பின் தேர்வு விதிமுறை பிடிஎஃப்-ஆக இணையத்தில் கிடக்கும். பெரும்பாலும் ஜெர்மனில்தான் இருக்கும். மொழிபெயர்ப்பில் போட்டுப் படியுங்கள், புரியாததைத் தேர்வு அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் கேட்டால் பதில் காற்றோடு போய்விடும். குழு எதற்கு என்றால் கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று கேட்க.

பார்க்காத வீட்டுக்கு முன்பணம்

அனுப்பாதீர்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி கூரியரில் வரும் என்றால் கண்டிப்பாக அனுப்பாதீர்கள்.

கையில் காசில்லாமல் வருவது

விசாவுக்காகப் பணத்தை முடக்கி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ கட்டிவிட்டோம் என்று வெறுங்கையோடு வருகிறார்கள். மாதம் 992 என்றுதான் அது வெளியே வரும், அதுவும் இங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகு. கணக்குத் திறக்கப் பெரும்பாலும் முகவரிப் பதிவு கேட்பார்கள். முகவரிப் பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். இந்தச் சங்கிலியில் எங்காவது ஒரு வாரம் சிக்கும். ஒன்றரை மாதச் செலவுக்குத் தனியாக வைத்துக்கொண்டு வாருங்கள்.

ரேடியோ கட்டணக் கடிதம்

பொது வானொலி, தொலைக்காட்சிக்காக ஒவ்வொரு வீடும் கட்ட வேண்டிய கட்டணம் இது. மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்று. உடன் இருப்பவர் கட்டினால் அவருடைய எண்ணை எழுதி அனுப்புங்கள். டிவி இல்லை என்பது பதில் ஆகாது.

அடுத்த செமஸ்டருக்குப் பணம் கட்ட மறப்பது

பல்கலைக்கழகத்திலிருந்து பேரை நீக்கிவிடுவார்கள்.

பகுதிநேர வேலை

மாணவர் விசாவில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மாணவர் உதவியாளராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் வராது, ஆகவே முதலில் துறை அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். கணக்கில் காட்டாமல் கையில் காசு தருகிறேன் என்று கூப்பிடும் உணவகத்துக்கு, அது நம் ஆட்கள் நடத்துவதாகவே இருந்தாலும், போக வேண்டாம். சோதனை வந்தால் அவருக்கு அபராதம், உங்கள் விசாவுக்கு ஆபத்து. முதல் செமஸ்டரில் வேலையே தேடாதீர்கள் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கும் காரணம் இருக்கிறது.

விசா நீட்டிப்பு

முடியும் தேதிக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். பெரிய ஊர்களில் நேர ஒதுக்கீடு கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும் என்பதால் மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்ற மின்னஞ்சலை அச்செடுத்து வையுங்கள், முடிவு வரும் வரை தங்கலாம் என்ற இடைக்காலச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வரும் முன் பொங்கலுக்கு டிக்கெட் போட வேண்டாம்.