வடிவமைப்பு மாணவர்களே, குடத்தை நிரப்பிப் பாருங்கள்

புது மாணவர்கள் முதல் மாதிரியைக் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம், அந்த வயதில் நாங்கள் செய்த பிழைகளே திரும்ப வந்து நிற்கின்றன. அளவெடுக்காமல் வரைவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்; அவை போகப்போகச் சரியாகிவிடும்.

வரலாற்றை ஒப்பிப்பது

பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளி 1919-ல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கியது என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். காபி டம்ளரின் விளிம்பு ஏன் வெளியே மடிந்திருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். சுடச்சுட இருக்கும் டம்ளரை அங்கேதான் பிடிக்கிறோம். மெல்லிய தகடு நெளியாமல் காப்பதும் அந்த மடிப்புதான்.

காலியாக வைத்துச் சோதிப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்கு வந்த இளைஞர் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கவாட்டில் கைப்பிடி வைத்தார். திரையில் அழகாகத்தான் இருந்தது. காலி மாதிரியை மேலாளர் ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினார். குடத்தை வார்க்கும் உலோக அச்சுக்கு ஆர்டர் போய்விட்டது.

அச்சிலிருந்து வந்த முதல் குடத்தை நிரப்பி, கேன்டீனில் வேலை பார்க்கும் அக்காவிடம் கொடுத்தோம். கைப்பிடியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இடுப்பில் ஏற்றிக் கழுத்தைக் கையால் வளைத்துக்கொண்டார். கைப்பிடி விலாவில் குத்தியது. "இது எதற்குத் தம்பி?" என்றார்.

15 லிட்டர் தண்ணீர் என்றால் 15 கிலோ. அந்தப் பாரத்தை இடுப்பு தாங்கும். மணிக்கட்டுக்கு அது தண்டனை.

செலவுதான் பெரிய வயிற்றெரிச்சல். அச்சில் உலோகத்தைக் கூடுதலாகக் குடைந்தெடுப்பது எளிது, குடைந்ததை நிரப்புவது பெரும்பாடு. கைப்பிடி என்பது அச்சில் ஒரு குழி. அதை நீக்க வெல்டிங் வைத்து அடைத்து, மறுபடி கடைந்து, மெருகேற்ற வேண்டும். அதற்கு யாரும் பணம் ஒதுக்கவில்லை. அச்சு மூலையில் கிடந்தது.

இத்தனைக்கும் 1958-லேயே அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் லோட்டா என்னும் சொம்பை முன்வைத்து இதையெல்லாம் கேட்டிருக்கிறார்கள். காலியாக இருக்கும்போது எடை எங்கே நிற்கிறது, நிரம்பினால் எங்கே, சரித்து ஊற்றும்போது எங்கே? தலையில் சுமப்பதா, இடுப்பிலா, கையிலா? அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் உருவானது. மாணவர்கள் அந்தப் பக்கங்களைப் படித்துத் தேர்வும் எழுதுகிறார்கள். குடத்தில் மட்டும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள்.

நிறத்தை முதலில் முடிவுசெய்வது

வேண்டாம்.

ஒட்டி மூடுவது

மிக்ஸி ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் தேய்ந்தால் தெருமுனைக் கடைக்காரர் சில நிமிடங்களில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார். திருகைக் கழற்ற முடிவதால்தான் அது நடக்கிறது. திருகு தெரிந்தால் அசிங்கம் என்று பசை போட்டு மூடும் மாணவரை அந்தக் கடையில் ஒரு நாள் உட்காரவைக்க வேண்டும்.